சின்னமுட்டம் முதல் லெர்விக் வரை ஒரு வலது பாதம்

எங்கள் மீன்பிடித் துறைமுக ஊரான சின்னமுட்டத்திலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர். சாலை ஒழுங்காக இருந்தால் இரண்டரை மணி நேரம் போதும். எங்கள் மாவட்டத்துச் சாலை ஒழுங்காக இருந்த நாளை நான் பார்த்ததில்லை. அதனால் பத்தரை மணி விமானத்துக்கு விடியற்காலை ஐந்துக்கே கிளம்பினோம்.

காரை ஓட்டியவர் பக்கத்து வீட்டு சேவியர் அண்ணன். முன்னிருக்கையில் அப்பா. பின்னால் நானும் ஒரு பை முறுக்கும். அம்மா வரவில்லை. விமான நிலையத்தில் வைத்து அழுதால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று வீட்டிலேயே அழுது முடித்துவிட்டாள். டிக்கியில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் துணிமணியும் நெத்திலிக் கருவாடும் நேந்திரங்காய் சிப்ஸும், மற்றதில் என் தொழிற்கருவிகள். விமான நிலையத்தில் பெட்டி வாய் பிளந்துவிடக் கூடாது என்று அப்பா இரண்டையும் வலைக்கயிற்றால் கட்டியிருந்தார். கடலே அவிழ்க்க முடியாத முடிச்சு என்று அதற்குப் பெருமை வேறு.

அப்பா மரியதாசன், துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். அவர் குரல் எழுந்தால் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கும் பாரை மீனும் திரும்பிப் பார்க்கும் என்பார்கள். அன்று அவர் வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், காலில் பளபளவென்று புது ஷூ, உள்ளே சாக்ஸ். வாழ்நாளெல்லாம் மீன்தண்ணீரில் வெறுங்காலோடு நின்ற மனுஷன். மகளை வழியனுப்பப் போகும்போது அந்தஸ்தாகப் போக வேண்டாமா என்று கேட்டார். எனக்கும் அது பிடித்திருந்தது.

நான் போவது வேலைக்கு. நாகர்கோவிலில் பிசியோதெரபி முடித்து, ஸ்காட்லாந்தில் இரண்டு வருடம் பாதநல மருத்துவம் படித்துத் தேறி, அந்த நாட்டின் வடகோடியில் ஷெட்லாந்து என்ற தீவில் அரசு மருத்துவமனையில் வேலை வாங்கிவிட்டேன். சொந்தப் படிப்பில், சொந்த மதிப்பெண்ணில், யார் சிபாரிசும் இல்லாமல். இதை ஒரு முறை சொன்னால் எனக்குப் போதவில்லை, அதனால் இந்தக் கட்டுரையில் இன்னும் இரண்டு தடவை வரலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்ன வேலை என்று ஊருக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. தமிழில் இடுப்புக்குக் கீழே தொடங்கி நகம் வரைக்கும் எல்லாம் கால்தான். தொடையும் கால், கணுவும் கால், கட்டைவிரலும் கால். பாதம் என்ற சொல் கோயிலுக்கும் பாட்டுக்கும் ஒதுக்கி வைத்தது. ஆகவே நான் ஊரில் ‘கால் டாக்டர்’ ஆகிவிட்டேன். விடுமுறைக்கு வந்திருந்த நாட்களில் எங்கள் வீட்டு முற்றத்தில் முழங்கால் வலி, தொடைப் பிடிப்பு, இடுப்பு வாயு எல்லாம் வரிசையில் நின்றன. தெருமுனையில் ஒரு அக்கா, இவ்வளவு படித்துவிட்டு வெள்ளைக்காரன் காலைப் பிடிக்கவா போகிறாள் என்று சிரித்திருக்கிறாள். அப்பா அதை ஏலத்தில் நிற்கும்போதே கேள்விப்பட்டு, அங்கேயே நின்று பதில் சொன்னாராம்.

“மத்தவன் காரியம் ஆகணும்னு காலப் புடிப்பான். எம்மக காலு போயிரக் கூடாதுன்னு புடிக்கா. வித்தியாசம் மனசிலாச்சா?”

ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. வந்த அன்றே, காலைக் காட்டுங்கப்பா என்றேன். இடுப்புச் சாரத்தை மடித்துத் தூக்கி முழங்காலைக் காட்டினார். லேசான தேய்மானம், அதற்கான பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். இன்னும் கீழே பார்க்கணும் என்றால் ஏலத்துக்கு நேரமாச்சு என்பார். நான் எழும்புமுன் போய்விடுவார், வந்தால் சாப்பிட்டதும் படுத்துவிடுவார். ஊரில் பாதிப் பேர் காலைப் பார்த்தவளுக்குச் சொந்த வீட்டுக் கால் அகப்படவில்லை. எனக்குச் சட்டென்று கோபம் வரும், ஒரு நாள் கத்தியும் விட்டேன். சவத்தத் தள்ளு, கடலும் மண்ணும் பாக்காத வைத்தியமா என்று சிரித்துவிட்டுப் போனார்.

கொட்டாரத்தைத் தாண்டும்போது கடைகள் திறக்கவில்லை. வயலில் நாரைகள் மட்டும் வேலைக்கு வந்திருந்தன. சுசீந்திரம் கோபுரத்தின் மேல் வெளிச்சம் விழுந்தது. நாகர்கோவிலில் பார்வதிபுரம் மேம்பாலத்தில் ஏறியதும் இடதும் வலதுமாக மலை தெரிய, சேவியர் அண்ணன் இதைப் போல மலையும் கடலும் ஒன்றாக உள்ள ஊர் அங்கே உண்டா என்று கேட்டார். உண்டு, ஆனால் வெயில் கிடையாது என்றேன். பாவம், கருவாடு எப்படிக் காய வைப்பார்கள் என்று வருத்தப்பட்டார்.

வில்லுக்குறி கடந்து தக்கலைக்கு வந்தபோது மணி ஆறரை இருக்கும். பத்மநாபபுரம் அரண்மனைக்கு வழிகாட்டும் பலகையைப் பார்த்ததும் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நான் ஆறாம் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்ததற்கு அவர் என்னை அங்கே கூட்டிப் போயிருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே நடக்க வேண்டும். கண்ணாடி போல மின்னும் அந்தக் கறுப்புத் தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவருக்கும் நினைவிருந்தது. தரை ஐஸ் கணக்கா இருந்துச்சு, நீ ரெண்டு காலையும் மாத்தி மாத்தித் தூக்கினியே என்று சேவியர் அண்ணனுக்கு நடித்தே காட்டினார்.

ஒரு டீக்கடை ஓரமாகக் கார் நின்றது. டீ பதினைந்து ரூபாய், பழம்பொரி சூடாக இருந்தது. அப்பாதான் வாங்கிவருவேன் என்று இறங்கிப் போனார். நான் காருக்குள் இருந்தபடி அவர் நடப்பதைப் பார்த்தேன்.

எங்கள் படிப்பில் முதல் பாடமே அதுதான். நோயாளி வாயைத் திறப்பதற்கு முன் அவர் நடப்பதைப் பார். குதிகால் எப்படி விழுகிறது, பாதம் எப்படி உருள்கிறது, கட்டைவிரல் எப்படித் தரையைத் தள்ளிவிடுகிறது என்று பார். அப்பாவின் இடது கால் ஒழுங்காக நடந்தது. வலது கால் பலகையைப் போலத் தட்டையாக விழுந்து, வெளிப்பக்கமாகத் திரும்பி, கட்டைவிரலைத் தொடாமலேயே எழுந்தது. முழங்கால் தேய்ந்தவர் அப்படி நடக்க மாட்டார். முகத்திலோ வலி என்பதே இல்லை. மூன்று டீக்குவளைகளைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

காலுக்கு என்னாச்சு என்று கேட்டேன். பழக்கம் போலக் கை முழங்காலுக்குப் போனது. இந்த முட்டுதான் மக்கா என்றார்.

அப்போதுதான் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் நினைவுக்கு வந்தது. எங்கள் கோயிலில் அன்று பங்குத்தந்தை பன்னிரண்டு பேரை உட்கார வைத்துப் பாதம் கழுவி முத்தமிடுவார். முதல் நாற்காலி தலைமைச் சீடரும் மீனவருமான இராயப்பருக்கு. பல வருடமாக அந்த நாற்காலி அப்பாவுடையது. முந்தின வாரமே நகம் வெட்டி, சோப்பு போட்டுத் தேய்த்துத் தயாராவார். இந்த வருடம், வயசாச்சு, இளசுகள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு என்னோடு பின்வரிசையில் நின்றார். பெருந்தன்மை என்று நானும் நம்பினேன். எங்கள் பங்குத்தந்தை கழுவுவது வலது பாதத்தை.

“அப்பா, நான் முட்டுக்காலக் கேக்கல. பாதத்தக் கேக்கேன். பெரிய வியாழனுக்கு ஃபாதர்ட்ட நீட்டுவீங்கள்லா, அந்த வலது பாதத்த எனக்குக் காட்டுங்க.”

அப்பா டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் என்று கேட்ட ஒவ்வொரு தடவையும் நழுவியவருக்குப் பாதம் என்றதும் நழுவ வழி இல்லை.

“பாத்தா நீ பிளேன் ஏற மாட்ட,” என்றார்.

ஷூவை நான்தான் கழற்றினேன். சாக்ஸில் ஈரம். கட்டைவிரலுக்குக் கீழே, பாதம் ஊன்றும் இடத்தில், தோல் காய்த்துத் தடித்து, அதன் நடுவே ஒரு சிறு குழி. மேலே பார்த்தால் மிளகு அளவுதான். உள்ளே எவ்வளவு என்பதுதான் கேள்வி. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த மிளகிலிருந்துதான் விரல் போகும், பிறகு பாதம் போகும், பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம் போகும். இரண்டு வருடம் நான் படித்தது முழுக்க இந்த ஒரு மிளகைப் பற்றித்தான்.

பெட்டியைத் திறக்க வேண்டும் என்றேன். கடலே அவிழ்க்க முடியாத முடிச்சை அப்பாவே உட்கார்ந்து அவிழ்த்தார். சேவியர் அண்ணன் கடைக்காரரிடம் சொல்லி ஒரு நாற்காலியும் பெஞ்சும் வாங்கிப் போட்டார். கைகழுவி, உறை மாட்டி, அவர் காலடியில் உட்கார்ந்தேன். முதலில் தொடு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு மெல்லிய நைலான் இழை உண்டு. அதைப் பார்த்ததும், இது நம்ம தங்கூசி அல்லவா என்றார் அப்பா. வலை பின்னும் அதே நைலான் இழைதான், இழையின் பருமன் மட்டும் கணக்குப் போட்டுச் செய்தது. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், இழை படும்போதெல்லாம் ஆமா என்று சொல்லுங்கள் என்றேன்.

கணுக்காலில் வைத்தேன், ஆமா என்றார். குதிகாலில் வைத்தேன். யோசித்து, ஆமா என்றார். பிறகு பாதத்தின் நடுவில், விரல்களின் அடியில், கட்டைவிரல் நுனியில் என்று ஒவ்வொன்றாக வைத்து அழுத்தினேன். அப்பா கண்ணை மூடியபடியே காத்திருந்தார்.

“ஏட்டி, எப்பம் ஆரம்பிப்ப?” என்று கேட்டார்.

நான் முடித்திருந்தேன். பத்மநாபபுரம் தரை அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது. அந்தக் குளிர்ச்சி இனி அவருக்குத் தெரியாது. உப்புநீரால் கழுவி, புதுக் கத்தி மாட்டி, தடித்த தோலைச் சுற்றிலும் சீவி எடுத்தேன். குழியின் அடி தெரிந்தது. எலும்பு தட்டுப்படவில்லை, சீழ் இல்லை, சுற்றிலும் சிவப்பு ஏறவில்லை. பாதத்து நாடி இரண்டும் நன்றாகத் துடித்தன. மருந்து வைத்து, அந்த இடத்தில் பாரம் விழாதபடி கம்பளித் துண்டை வெட்டி ஒட்டி, கட்டுப் போட்டேன். தேறிய பிறகு என் பொறுப்பில் நான் கத்தி எடுத்த முதல் நோயாளி அப்பா. இடம், தக்கலை, ஒரு டீக்கடை வாசல்.

பிறகு எழுந்து, நான் போகவில்லை என்றேன். அவர் பயந்தது அதற்குத்தான், அதுவே நடந்தது. தீவுக்காரர்கள் ஒரு மாதம் காத்திருக்கட்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கட்டும் என்றேன். அப்பாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை, அன்று வந்தது. அடுத்த மாதம் நானே ஆஸ்பத்திரிக்குப் போவேன், நீ இப்போது வண்டியில் ஏறு என்றார். அடுத்த மாதம் என்பதெல்லாம் கதை என்றேன். அடுத்த வாரம் என்றார். நாளைக்கு என்றாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றேன். ஏலக்காரரிடம் ஏலம் பேசுகிறோமே என்று எனக்கே தோன்றியது, அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

“இன்னைக்கு,” என்றேன். “திரும்பிப் போற வழியில நேரா நாகர்கோவில் ஆஸ்பத்திரி. டாக்டர் சொல்ற வரைக்கும் அந்தக் காலு தரையில படக் கூடாது. ஏலம் உக்காந்துதான். ஒரு தரம்.”

அப்பா சேவியர் அண்ணனைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார்.

“ரெண்டு தரம்,” என்றேன்.

“மூணு தரம்,” என்று அப்பாவே முடித்தார். “நீ பிளேன் ஏறணும், கேட்டியா. உன்னய காலு டாக்டராக்கிட்டு என் காலாலயே நீ போவாம இருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சிட்டு ஏலம் விடுவேன்?”

என்னோடு பிசியோதெரபி படித்தவள் ஒருத்தி நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டு, சர்க்கரைப் புண் பார்க்கும் அறுவை மருத்துவரிடம் அன்றைக்கே இடம் வாங்கினேன். வண்டி புறப்பட்டது. இப்போது நான் முன்னிருக்கை, அப்பா பின்னிருக்கை. கட்டுப்போட்ட காலை ஊன்றாமல் இரண்டு முன்னிருக்கைகளுக்கும் நடுவே என் கருவிப் பெட்டி மேல் நீட்டச் சொன்னேன். நீட்டியவர் பதறி மடக்கினார். டேஷ்போர்டில் மாதா சுரூபம் நேர் எதிரே இருந்தது. மாதா முகத்துக்கு நேரே காலை நீட்டச் சொல்கிறாயே என்று என்னைத் திட்டினார். சேவியர் அண்ணன் சுரூபத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்து, மாதா ரோட்டப் பாத்துக்கிடட்டும், உம்ம காலப் பாக்க மக இருக்கா என்றார். மார்த்தாண்டம் மேம்பாலமும் களியக்காவிளை நெரிசலும் நெய்யாற்றின்கரையும் அப்படியே கழிந்தன.

விமான நிலையத்தில் அப்பாவை நான் இறங்கவிடவில்லை. மகள் தள்ளுவண்டியோடு கண்ணாடிக் கதவுக்குள் போவதை நின்று பார்க்கத்தான் அந்த ஷூவே வாங்கினார். ஒரு ஷூ மட்டும் மாட்டியபடி காருக்குள் உட்கார்ந்து, கதவு வழியாக என் நெற்றியில் சிலுவை போட்டார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

திருவனந்தபுரத்திலிருந்து துபாய் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே இறங்கியதும் தோழியின் செய்தி வந்திருந்தது: எலும்பில் ஒன்றும் இல்லை, மூன்று நாள் வைத்துப் பார்க்கிறார்கள், தோல் சீவிய இடத்தைப் பார்த்து யார் சுத்தம் செய்தது என்று மருத்துவர் கேட்டார். மகள் என்று அப்பா சொன்னாராம். வார்டு முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாராம். நான் அந்த விமான நிலையத்தில், சென்ட் கடைக்கு முன்னால் நின்று, வாய்விட்டு அழுதேன்.

துபாயிலிருந்து கிளாஸ்கோ, அங்கே ஒரு நாள் தங்கி ரயிலில் அபர்தீன், அபர்தீனில் மாலையில் கப்பல். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும். சுற்றிலும் இருந்தவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு சுருண்டு படுக்க, நான் சிப்ஸ் தின்றபடி உட்கார்ந்திருந்தேன். கடற்கரையில் பிறந்தவளுக்கு அலை ஒன்றும் செய்யவில்லை. பக்கத்து இருக்கைப் பெண்மணி நீ எந்தத் தீவு என்று கேட்டாள். அதைவிடப் பெரிய பாராட்டை அந்த நாட்டில் நான் இதுவரை கேட்கவில்லை.

காலை ஏழரைக்கு ஷெட்லாந்தின் துறைமுக ஊர் லெர்விக். கல் வீடுகள், கல் சுவர், ஒரு மரம்கூட இல்லாத மலைச்சரிவு. கப்பலிலிருந்து இறங்கியதும் மூக்கில் ஏறியது மீன் வாடை. மீன்சந்தையும் பக்கத்தில்தான். மறுநாளே போய்ப் பார்த்தேன். மீனெல்லாம் ஐஸ் பெட்டியில் சாதுவாகக் கிடக்க, வியாபாரிகள் திரையைப் பார்த்துப் பொத்தானை அழுத்துகிறார்கள். ஒரு சத்தம் கிடையாது. அப்பாவிடம் போனில் சொன்னேன். சத்தமில்லாத ஏலமா, அதுக்குப் பேரு ஏலமா, பூசையா என்றார்.

வேலையின் முதல் நாள் முதல் நோயாளி, கப்பலில் நாற்பது வருடம் மீன் பிடித்து ஓய்ந்த ஒரு பெரியவர். அவருக்கும் சர்க்கரை. மேற்பார்வைக்கு மார்கரெட் என்ற மூத்த அம்மாள் மூலையில் உட்கார்ந்திருந்தார். நான் மரியாதையாக, உங்கள் லெக்கைக் காட்டுங்கள் என்றேன். பெரியவர் எழுந்து, பேன்ட்டை மெதுவாக மடித்து மடித்துத் தூக்கி, முழங்காலைக் காட்டினார். மார்கரெட் இருமினார். ஃபுட் என்று கேட்டிருக்க வேண்டும். பதற்றத்தில் நாக்கு தமிழில் யோசித்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. மன்னிப்புக் கேட்டு, எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல், என் அப்பாவும் இப்படித்தான் முழங்காலைக் காட்டியே என்னை ஏமாற்றினார் என்று கதையைச் சொன்னேன். பெரியவர் கேட்டு முடித்துவிட்டு மடித்த பேன்ட்டை இறக்கிவிட்டார். பிறகு இரண்டு பூட்ஸையும் அவராகவே கழற்றினார். இடது குதிகாலில், இதுவரை யாருக்கும் காட்டாத ஒரு வெடிப்பு இருந்தது. மார்கரெட் குறிப்பேதும் எடுக்காமல் நாற்காலியை நெருக்கி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த வாரத்திலிருந்து நான் தனியாக நோயாளிகளைப் பார்க்கலாம் என்று மாலையில் சொல்லிவிட்டுப் போனார். சொன்னேனல்லவா, யார் சிபாரிசும் இல்லாமல்.

தோழி வாரம் ஒரு படம் அனுப்பினாள். மிளகு கடுகானது. ஜூலையில் ஒரு நாள், நான் மதியச் சாப்பாட்டுக்கு ஆறரை பவுண்டு கொடுத்து உப்பில்லாத மீன் சூப் ஒன்றைக் கிண்டிக்கொண்டிருந்தபோது அப்பா வீடியோவில் வந்தார். துறைமுகம். மாலை ஏலம் தொடங்கப் போகும் நேரம். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் கூட்டம். போனை சேவியர் அண்ணனிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, வலது காலைத் தூக்கி உள்ளங்காலை நேராக என் முகத்துக்கு நீட்டினார். எங்கள் ஊரில் உள்ளங்காலை யாருக்கும் நேரே நீட்டுவது மரியாதை இல்லை. அவரோ ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு நீட்டினார்.

“பாதம் தெரியுதா மக்கா?”

தெரிந்தது. குழி மூடி, இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் படிந்திருந்தது. இனிதான் கவனம் வேண்டும், மூடிய இடம் மறுபடி திறக்கும், தினம் கண்ணாடி வைத்துப் பாருங்கள், செருப்பில்லாமல் நிற்காதீர்கள் என்று அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். அடுத்த பெரிய வியாழனுக்கு ஃபாதரிடம் இப்போதே பேர் கொடுத்தாச்சு, அதே முதல் நாற்காலி என்றார்.

“கொடுங்க. ஆனா ஃபாதர் கழுவினதும் விரலிடுக்கெல்லாம் ஈரமில்லாமத் துடைக்கணும். சும்மா ஒத்தி எடுத்தாப் போதாது. நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

அப்பா காலை இறக்கிச் செருப்பில் நுழைத்தார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து, கூட்டத்தின் பக்கம் திரும்பி, கடைசிப் படகு வரை கேட்கும் அந்த ஏலக் குரலை எடுத்தார்.

“கேட்டியளா? எம்மக ஃபாதருக்கே பாதம் கழுவப் படிச்சுக் குடுக்கா!”